ஐந்தாம் பிரிவும் மைதானச் சாவியும்

நவம்பர் 15, செவ்வாய்

இன்று மாலை எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம் ஸ்டெல்லா வீட்டு முற்றத்தில் நடந்தது. இருந்தவர்கள்: பங்குத்தந்தை கிளாடியுஸ், அன்பியத் தலைவர் லூக்காஸ் வாத்தியார், ஸ்டெல்லா, அவள் கணவனும் என் கொழுந்தனுமான ததேயுஸ், ஐஸ் கம்பெனி பர்னபாஸ், அவர் மனைவி விமலா, தையல்கார பிரிஜித் அக்கா, ரொசாரியோ, அவன் மச்சான் டென்னிஸ், என் மகள் அபிஷா, நான். மொத்தம் பதினொரு பேர்.

இதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியாகிவிட்டது. செயலாளர் நான்தானே. இங்கே மறுபடி எழுதக் காரணம், அந்தக் குறிப்பேட்டில் சிரித்தவர்கள் யார் என்று எழுத இடமில்லை. சிரித்தவர்கள்: ததேயுஸ், வாத்தியார், பர்னபாஸ், விமலா, ரொசாரியோ, டென்னிஸ். ஆறு பேர். ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இது. செபம் முடிந்ததும் ததேயுஸ் எழுந்து, விளையாட்டுக் கழகச் செயலாளர் என்ற முறையில் உலகக் கோப்பைக் கால்பந்துக் கணிப்பை அறிவித்தான். எங்கள் ஊரில் இது பழைய வழக்கம். கோயிலில் முன்பு இருந்த காணிக்கைப் பெட்டியில் எட்டுப் பிரிவுக்கும் எட்டுச் சீட்டுப் போட்டுப் பங்குச் சாமியார் ஒன்றை எடுப்பார். இந்த முறை வந்தது ஐந்தாம் பிரிவு: ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், கோஸ்டா ரிக்கா. நாலு அணியும் எந்த வரிசையில் முடிக்கும் என்று வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். நாலையும் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த உலகக் கோப்பை வரை மைதானக் கேட்டின் சாவி. சாவி யார் கையிலோ அவர் வைத்ததுதான் மைதானத்தில் நேரம். ஒருவரும் சரியாகச் சொல்லாவிட்டால் சாவி பழைய ஆளிடமே இருக்கும். பழைய ஆள் ததேயுஸ்.

நான் எழுந்து, "அவிய கடலுக்குப் போயிருக்காவ. எங்க வீட்டுச் சீட்ட நான் எழுதிப் போடட்டா?" என்று கேட்டேன்.

"மைனி, ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு? அடுப்புக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்றான் ததேயுஸ்.

அப்போதுதான் சிரித்தார்கள்.

"அண்ணன் வீட்டுச் சீட்ட நானே போட்டுக்கிடுதேன். ஒங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்று முடித்தான். வாத்தியார் தலையை ஆட்டினார். சாமியாருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது.

பிரிஜித் அக்கா சிரிக்கவில்லை. அபிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 16, புதன்

ரேஷனில் பருப்பு இல்லை. நெத்திலி இரண்டு கிலோ உலர்த்தினேன். காக்கை கொஞ்சம் தின்றது.

ததேயுஸுக்குச் சாவி கிடைத்த கதையை ஒரு முறையாவது எழுதி வைக்க வேண்டும். 2018இல் அவன் ஜெர்மனியைக் கடைசி இடத்தில் எழுதிப் போட்டான். உலகத்தில் ஒருவரும் நினைக்காதது. அப்படியே நடந்தது. ஊரே அவனைத் தோளில் தூக்கியது. ஜெர்மனியை வெளியே அனுப்பியவன் என்று இன்றும் பேர்.

அந்தக் கணக்கு என்னுடையது. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் பதினாறு வருடமாக வீட்டுச் செலவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து பந்து விளையாட்டுக் கணக்கு எழுதி வருகிறேன். பேப்பர் பார்த்தும் டிவி பார்த்தும் நானே கற்றுக்கொண்டது. அந்த வருடம் உலகக் கோப்பைக்கு முன்னால் ஜெர்மனி ஆடின நாலு ஆட்டத்தில் ஒன்றைத்தான் ஜெயித்திருந்தது. எல்லாரும் கோப்பையைப் பார்த்தார்கள், நான் நாலு வரியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வியான்னி நோட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க, ததேயுஸ் எழுதிக்கொண்டு போனான். சாவி வாங்கின அன்று மேடையில் என் பேரைச் சொல்லவில்லை. "போட்டும் டெல்பின், தம்பிதான?" என்றார் இவர்.

நாலரை வருடம் போட்டும் போட்டும் என்று போயிற்று. அபிஷாவும் அவள் கூட்டாளிகள் எட்டுப் பேரும் மைதானத்துக்குப் போனால் கேட்டைப் பூட்டுவான். "பொம்பளப் பிள்ளியளுக்குக் கடக்கரை போரும்" என்பான். கடற்கரையில் ஆடப்போய்த்தான் ஆகஸ்ட் மாதம் உடைந்த பாட்டில் ஏறி அவள் வலது காலில் ஏழு தையல்.

ஏழு. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 17, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஜெபமாலை ஐம்பத்து மூன்று மணியிலும் மனம் ததேயுஸிடமே நின்றது. மாதா மன்னிக்க வேண்டும்.

நவம்பர் 18, வெள்ளி

மத்தியானம் உட்கார்ந்து கணக்கை முடித்தேன்.

நான் பார்ப்பது இடைவேளைக்குப் பிறகு போட்ட கோல், வாங்கின கோல். ஒரு வீட்டின் சாமர்த்தியம் மாதத்தின் முதல் வாரத்தில் தெரியாது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பெயின் முதல் வாரத்தில் விருந்து வைக்கிற வீடு. ஜெர்மனி பழைய பேரில் கடன் கேட்கிற வீடு. ஜப்பான் கடைசிவரை ஒளித்து வைத்துச் சமைக்கிற வீடு. போதாததற்கு அவர்களில் எட்டுப் பேர் ஜெர்மனியிலேயே விளையாடிப் பிழைக்கிறவர்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். வேலைக்குப் போகிற வீட்டின் அடுக்களை வேலைக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆகவே ஜப்பான் முதலிடம். அடுத்து ஸ்பெயின். மூன்றாவது ஜெர்மனி. கடைசி கோஸ்டா ரிக்கா.

நோட்டில் எப்போதும்போலக் கீழிருந்து மேலே எழுதினேன். அது என் பழக்கம். செலவெல்லாம் மேலே, மிச்சம் அடியில். கழிய வேண்டியது மேலே போகும், தேறி நிற்பது கடைசி வரியில் இருக்கும். அதனால் கோஸ்டா ரிக்கா மேல் வரியிலும் ஜப்பான் அடி வரியிலும் வந்தன. மற்ற வருடங்களில் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போடுவேன். இன்று போடவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

(இதை அதே பேனாவில்தான் எழுதுகிறேன். பிறகு உதறினேன், வந்தது.)

நவம்பர் 19, சனி

ததேயுஸைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாளை மீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். அவனுக்குப் பிடிக்கும் என்று செய்யவில்லை, சாளை மலிவு.

"கொள்ளாம் மைனி. ஒங்க கைப்பக்குவம் ஸ்டெல்லாவுக்கு வராது" என்றான்.

"கூடக் கொஞ்சம் போடட்டா?"

"போடுங்க. அன்னைக்கு நான் சொன்னது தமாசு, மனசுல வச்சுக்கிடாதீங்க."

"எதச் சொல்லுதீங்க தம்பி? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே."

அவன் கை கழுவும்போது தேங்காய் வாங்க வேண்டியது நினைவு வந்தது. அபிஷாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை அடுத்த தெரு. போய்வர இருபது நிமிடம் ஆயிற்று. திரும்பியபோது அவன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு காகிதம் மடித்து நீட்டிக்கொண்டிருந்தது.

அலமாரியைப் பூட்ட மறந்திருக்கிறேன். உள்ளே மாதா படத்துக்குப் பின்னால் நோட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, தலைகீழாக. வீட்டில் தேங்காய் நாலு இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

நவம்பர் 20, ஞாயிறு. கிறிஸ்து அரசர் பெருவிழா

திருப்பலி முடிந்து எல்லா அன்பியச் செயலாளர்களும் குறிப்பேட்டைச் சாமியாரிடம் கொடுத்தோம். எங்கள் குறிப்பேட்டின் 46ஆம் பக்கத்தில் "பிற செய்திகள்" என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரி சேர்த்திருந்தேன். "வியான்னி வீட்டின் கணிப்பு. முதலிடம் ஜப்பான். இரண்டாமிடம் ஸ்பெயின். மூன்றாமிடம் ஜெர்மனி. நான்காமிடம் கோஸ்டா ரிக்கா." இங்கே மேலிருந்து கீழே எழுதினேன், எண்ணும் போட்டேன். கோயில் ஏட்டில் சொந்தப் பழக்கம் கூடாது.

சாமியார் வாசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், பங்கு முத்திரை குத்தினார்.

"உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா" என்றார்.

"ஸ்தோத்திரம் ஃபாதர்" என்றேன்.

நவம்பர் 22, செவ்வாய்

பெட்டியை இன்று மூடினார்கள். சீட்டை ரகசியமாகப் போட்டால் போதும். ததேயுஸுக்கு அது போதவில்லை. கழகத்து மைக்கை வாங்கி, "முதலிடம் கோஸ்டா ரிக்கா! ரெண்டு ஜெர்மனி, மூணு ஸ்பெயின், நாலு ஜப்பான்! எங்க அண்ணன் வீட்டுச் சீட்டும் இதேதான்!" என்று அறிவித்தான்.

கோஸ்டா ரிக்காவா என்று ஒரு நிமிடம் கூட்டம் அசந்து நின்றதாம். பிறகு பர்னபாஸ், "ஜெர்மனியக் கடைசின்னு சொன்னப்பவும் நாம சிரிச்சோம்லாவே" என்றிருக்கிறார். உடனே வாத்தியார் தன் சீட்டைத் திருப்பி வாங்கி மாற்றி எழுதினார். பர்னபாஸும் ரொசாரியோவும் டென்னிசும் மாற்றினார்கள். துணி தைக்கக் கொடுக்க நான் போனபோது பிரிஜித் அக்கா இதையெல்லாம் சொன்னாள்.

சிரித்தவர்கள் எல்லாரும் ஒரே வலையில். நான் வலை வீசவில்லை. கரையில் காயப்போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 23, புதன்

சாயங்காலம் ஜப்பான் ஜெர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. இரண்டு கோலும் இடைவேளைக்குப் பிறகு.

அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயின் கோஸ்டா ரிக்காவுக்கு ஏழு போட்டது. பதிலுக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கோலுக்கும் நான் அபிஷாவின் காலைப் பார்த்தேன். ஏழாவது விழுந்ததும், "எதுக்கும்மா என் காலையே பாக்க?" என்று கேட்டாள். கொசு என்றேன்.

நவம்பர் 24, வியாழன்

மீன் ஏலத்தில் ததேயுஸைக் கண்டால் எல்லாரும் விரலை மடக்கி ஏழு வரை எண்ணுகிறார்களாம். ஒருத்தி சூரையைத் துண்டு போட்டு, "ஏழு துண்டு போரும்லா செயலாளரே?" என்றாளாம். பர்னபாஸ் அவனோடு பேசுவதில்லை.

இரவுச் சோறு இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

நவம்பர் 27, ஞாயிறு. திருவருகைக் காலம் முதல் வாரம்

கோஸ்டா ரிக்கா ஜப்பானை ஜெயித்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்றுமில்லை. கோல் நோக்கி ஒழுங்காக அடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் உள்ளே போயிற்று.

ஐந்தரைக்கு வெடிச் சத்தம். ஆறு மணிக்கு ததேயுஸ் அல்வாப் பொட்டலத்தோடு வந்தான்.

"என்ன மைனி, மொகம் வாடிக் கிடக்கு? வாயத் தொறங்க. நான் சொன்னா சொன்னதுதான்!"

அல்வாவை வாயில் போட்டுக்கொண்டேன். அவன் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே போனான். அபிஷா கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, நம்ம கணக்கு தப்பா?" என்று கேட்டாள். அப்படியானால் அவளுக்குத் தெரியும். நான் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை.

நவம்பர் 28, திங்கள்

ஸ்பெயினும் ஜெர்மனியும் ஆளுக்கு ஒரு கோல். இப்போது புள்ளிக் கணக்கில் ஸ்பெயின் நாலு, ஜப்பான் மூன்று, கோஸ்டா ரிக்கா மூன்று, ஜெர்மனி ஒன்று. கடைசி நாளில் ஜப்பான் ஸ்பெயினை ஜெயிக்க வேண்டும், ஜெர்மனி கோஸ்டா ரிக்காவை ஜெயிக்க வேண்டும். இரண்டும் நடந்தால் என் நாலு வரியும் நிற்கும். ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு.

டிசம்பர் 1, வியாழன்

ஒருசந்தி இருந்தேன். ஒரு வேளைச் சாப்பாடு, கஞ்சி மட்டும். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி. என்ன வேண்டுதல் என்று பிரிஜித் அக்கா கேட்டாள். வீட்டுக்காரர் நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்றேன். அதையும் வேண்டினேன்தான், இரண்டாவதாக.

டிசம்பர் 2, வெள்ளி

ஆட்டம் பன்னிரண்டரைக்கு. நானும் அபிஷாவும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். இடைவேளையில் ஜப்பான் ஒரு கோல் பின்னால். "இருபத்தஞ்சாம் தேதிக்கு மேலதானே பாக்கணும்?" என்றாள் அபிஷா. இடைவேளை முடிந்து ஆறே நிமிடத்தில் இரண்டு போட்டார்கள்.

அப்போது கழகத்திலிருந்து பெரிய சத்தம். அதே நேரம் நடந்த மற்ற ஆட்டத்தில் கோஸ்டா ரிக்கா ஜெர்மனியை முந்திவிட்டதாம், இரண்டுக்கு ஒன்று. மூன்று நிமிடம் அப்படியே நின்றது. அந்த மூன்று நிமிடமும் நான் முழங்காலில் இருந்தேன். ஜப்பானுக்காக வேண்டவில்லை, ததேயுஸின் வாய் அடைய வேண்டும் என்று வேண்டினேன். அப்படி ஒரு வேண்டுதலை எந்தப் புனிதரிடம் வைப்பது என்று தெரியாமல் எல்லாரிடமும் வைத்தேன்.

பிறகு ஜெர்மனி மூன்று போட்டது. கழகத்தில் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதிபோல ஒரு பாட்டை நான் கேட்டதில்லை.

ஜப்பான் ஆறு. ஸ்பெயின் நாலு. ஜெர்மனியும் நாலு, கோல் கணக்கில் பின்னால். கோஸ்டா ரிக்கா மூன்று. என் நாலு வரியும் அப்படியே.

மாலையில் சாமியார் பெட்டியைத் திறந்தார். அறுபத்திரண்டு சீட்டு. அதில் பத்தொன்பதில் கோஸ்டா ரிக்கா முதலிடம். ஜப்பானை முதலில் எழுதினவர் ஒருவர்கூட இல்லை. ததேயுஸ் சீட்டை வாசித்தபோது, "தலகீழா நின்னு எழுதினியாவே?" என்று வாத்தியாரே கேட்டார். ஊரே சிரித்தது. இந்த முறை யார் யார் என்று எழுதவில்லை, நோட்டு போதாது.

அவன் முகம் வெளுத்துத்தான் போயிற்று. பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஆட்டினான்.

"சிரிங்க, சிரிங்க. ஒருத்தனும் சரியாச் சொல்லலியே? சாவி எங்க இருக்கோ அங்கயே இருக்கும். இன்னும் நாலு வருசம்!"

அபிஷா என்னைப் பார்த்தாள். நான் சாமியார் மேசையில் அடுக்கியிருந்த குறிப்பேடுகளைப் பார்த்தேன். எங்களுடையது மேலிருந்து மூன்றாவது.

டிசம்பர் 3, சனி. சவேரியார் திருநாள்

கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. முன்பின் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒருவர் என் கணக்கைத் திருடினார், தப்பாக வாசிப்பார் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன், கோஸ்டா ரிக்காவுக்கு ஏழு விழுந்தபோது சந்தோஷப்பட்டேன் என்றேன்.

"கோஸ்டா ரிக்கா யாரும்மா? பக்கத்து வீடா?" என்றார்.

விளக்கினேன். வெளியே வரிசை நீளம். "செஞ்ச பாவத்துக்காக மனஸ்தாபப்படுறீங்களா?" என்று கேட்டார். "முயற்சி பண்ணுதேன் ஃபாதர்" என்றேன். அபராதமாகப் பத்து அருள்நிறை மரியே செபம்.

டிசம்பர் 4, ஞாயிறு

இவர் முப்பத்தேழு நாள் கழித்துக் கரைக்கு வந்தார். உடம்பெல்லாம் உப்பு. குளித்துச் சாப்பிட உட்காரவும் ததேயுஸ் வந்தான். கையில் அந்தக் காகிதம்.

"அண்ணே, நீயே பாரு. மைனி நோட்டுல இருந்தத அப்படியே எழுதினேன். ஒரு எழுத்து மாத்தல. எப்படித் தப்பும்?"

இவர் சோற்றுக் கையோடு குனிந்து பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். புரை ஏறியது, தண்ணீர் கொடுத்தேன்.

"லே, அவ கணக்கக் கீழேருந்துலா வாசிக்கணும்! அன்னைக்கு நான்தான ஒனக்குக் கீழேருந்து வாசிச்சுத் தந்தேன்?"

ததேயுஸ் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். அதற்கப்புறம் என்னைப் பார்த்தான்.

"தெரிஞ்சே விட்டீங்களா மைனி? நான் மைக்குல சொன்னப்ப ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அடுப்புக்கு இந்தப் பக்கம் நிக்கவ நான். மைக்கு அந்தப் பக்கம்லா இருந்துது தம்பி."

"ஊருக்கு முன்னால என்னய…"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அது பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சேர்க்க வேண்டும்.

அவன் போனதும் இவர், "போட்டும் டெல்பின், தம்…" என்று ஆரம்பித்தார். நான் அபிஷாவைக் கூப்பிட்டு, "அப்பாவுக்குக் காலக் காட்டு" என்றேன். தையல் போட்டபோதும் இவர் கடலில். கரைக்கு வந்தபோது சின்னக் காயம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இவர் அந்தத் தழும்பை விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனார். ஏழு முடிந்ததும் தட்டில் கையைக் கழுவிவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். நான் இன்னும் கடிதமே எழுதியிருக்கவில்லை.

டிசம்பர் 6, செவ்வாய்

இன்று பங்கு அலுவலகத்தில் கொடுத்த கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் கழகத்தாருக்கும்,

வியான்னி மனைவி டெல்பின் எழுதுவது. எங்கள் வீட்டுச் சீட்டை ததேயுஸ் எங்களைக் கேட்காமல் எழுதிப் போட்டார். அது எங்கள் சீட்டு அல்ல. எங்கள் வீட்டுக் கணிப்பு அன்பியக் குறிப்பேட்டின் 46ஆம் பக்கத்தில், பிற செய்திகள் என்ற தலைப்பின் கீழ் உள்ளது. கீழே தங்கள் கையெழுத்தும் நவம்பர் 20 என்ற தேதியும் பங்கு முத்திரையும் உள்ளன. இந்தப் பிரிவின் முதல் ஆட்டம் நடந்தது 23ஆம் தேதி. நாலு இடமும் சரியாக உள்ளன. இந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே வாசிக்கவும்.

2018ஆம் ஆண்டுச் சீட்டும் என் கணக்கே என்பதற்கு என் கணவர் சாட்சி. அவர் கையெழுத்து இத்துடன் உள்ளது. அந்த நாலரை வருடத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாலு வருடத்துக்கான சாவியை மட்டும் கேட்கிறேன்.

சாவி என்னிடம் வந்தால் மாலை நாலிலிருந்து ஆறு வரை பெண் பிள்ளைகள் ஆடுவார்கள். மற்ற நேரம் எல்லாருக்கும் பொது. ததேயுஸும் வரலாம், தடை இல்லை. அரை மணி நேரம் முன்னதாக எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் வந்து கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போகலாம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவர் கேட்டிருந்தார். அப்போது அதையும் சொல்லித் தருகிறேன்.

பிள்ளைகள் வருகிற சனிக்கிழமை ஆடுவதற்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே பதிலை விரைவில் தரவும்.